241 மில்லிமீட்டர்: இந்திய மெட்ரோவின் பாதை அகலம் குறித்து

தில்லியின் காஷ்மீரி கேட் நிலையத்தில் மூன்று மெட்ரோ தடங்கள் சந்திக்கின்றன. 2002இல் திறக்கப்பட்ட சிவப்புத் தடம் தரைக்கு மேலே உயர்பாலத்தில் ஓடுகிறது. 2004இல் வந்த மஞ்சள் தடமும் 2017இல் வந்த ஊதாத் தடமும் தரைக்கு அடியில் ஓடுகின்றன. ஒரே பயணச்சீட்டைக் கொண்டு பயணி ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குப் படியேறியோ இறங்கியோ சென்றுவிடுகிறார். ரயில் பெட்டிக்கு அந்த வசதி இல்லை. சிவப்பு, மஞ்சள் தடங்களில் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட தூரம் 1,676 மில்லிமீட்டர். ஊதாத் தடத்தில் அது 1,435 மில்லிமீட்டர். வேறுபாடு 241 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு சாண். ஒரே நகரில், ஒரே நிறுவனம் நடத்தும் ரயில்களுக்கு இடையே இந்த ஒரு சாண் வேறுபாடு எப்படி வந்தது என்ற கேள்வி, இந்திய நகர்ப்புற ரயிலின் வரலாற்றையே திறந்து காட்டுகிறது.

பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் தொழில்நுட்பம் சார்ந்தது. உலகின் பெரும்பாலான மெட்ரோக்கள் 1,435 மில்லிமீட்டர் 'ஸ்டாண்டர்ட் கேஜ்' பாதையில் ஓடுகின்றன. அதற்குரிய பெட்டிகளும் கருவிகளும் எளிதில் கிடைக்கும். நெருக்கமான வளைவுகளில் திரும்ப முடியும். ஆகவே நகரங்களுக்கு அதுவே ஏற்றது என்பது ஒரு தரப்பு. அகலப் பாதையில் அகலமான பெட்டி ஓடும், கூடுதலான பயணிகள் ஏறலாம், நாட்டின் ரயில் வலைப்பின்னலோடு இணைக்கலாம் என்பது மறு தரப்பு. இரண்டுமே பொருத்தமான வாதங்களாகத் தோன்றுகின்றன. ஆனால் கட்டி முடிக்கப்பட்ட தடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், பாதையின் அகலத்தைத் தீர்மானித்தது வளைவோ கூட்டமோ அன்று, அத்தடம் எந்த அமைச்சகத்தின் கையில் பிறந்தது என்பதே என்று தெரிகிறது.

இந்த வழக்கு மெட்ரோவை விடப் பழையது. இந்தியாவில் இருப்புப்பாதை அமைக்கத் திட்டமிடப்பட்டபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் அவை முதலில் எண்ணியது இங்கிலாந்தில் வழங்கிய 4 அடி எட்டரை அங்குலத்தைத்தான். இன்றைய 1,435 மில்லிமீட்டர் அதுவே. தலைமை ஆளுநர் டல்ஹௌசி அதை ஏற்கவில்லை. ஆறடி அகலம் வேண்டும் என்றார். இறுதியில் ஐந்தடி ஆறு அங்குலம் என்று முடிவாயிற்று. இங்கிலாந்தில் வணிக வாரியத்தின் தலைவராக இருந்தவர் டல்ஹௌசி. அங்கே வெவ்வேறு அகலங்களில் பாதை அமைத்த நிறுவனங்களின் பூசலை நேரில் கண்டவர். இந்தியாவில் அத்தகைய குழப்பம் நேரக்கூடாது, ஒரே அளவே வேண்டும் என்பது அவருடைய உறுதி. அந்த உறுதி இருபதாண்டுகள்கூட முழுமையாக நிலைக்கவில்லை. 1870இல் மேயோ பிரபுவின் ஆட்சி, செலவைக் குறைக்க மீட்டர் பாதையைக் கொண்டுவந்தது. அந்தப் பிளவைச் சரிசெய்ய இந்திய ரயில்வே 1992இல் 'ஒரே பாதை அகலம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நாடெங்கும் மீட்டர் பாதைகளைப் பெயர்த்து அகலப் பாதை அமைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், நகரங்களில் புதிய பிளவு ஒன்று உருவாகத் தொடங்கியது.

முதல் மெட்ரோ கொல்கத்தாவினுடையது. 1969இல் அமைக்கப்பட்ட பெருநகரப் போக்குவரத்துத் திட்ட அமைப்பு, சோவியத், கிழக்கு ஜெர்மன் வல்லுநர்களின் துணையோடு 1971இல் ஐந்து தடங்கள் கொண்ட பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது. அவற்றுள் டம்டம் முதல் டாலிகஞ்ச் வரையிலான தடத்துக்கு 1972 டிசம்பர் 29 அன்று இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். சாலையை வெட்டி, பெட்டி வடிவச் சுரங்கம் கட்டி, மீண்டும் மூடும் முறையிலேயே பெரும்பகுதி அமைந்தது. 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே வெறும் 3.4 கிலோமீட்டர் தூரத்துக்கு முதல் ரயில் ஓடியது. சுமார் 16 கிலோமீட்டர் தடம் முழுமை பெற 1995 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்திட்டம் இந்திய ரயில்வேயின் குழந்தை. ஆகவே பாதை 1,676 மில்லிமீட்டராக அமைந்தது. பெட்டிகள் சென்னை பெரம்பூரில் உள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் கட்டப்பட்டன. 1955இல் சுவிஸ் நாட்டுத் தொழில்நுட்ப உதவியுடன் தொடங்கப்பட்ட அந்தத் தொழிற்சாலைக்குத் தரைக்கடியில் ஓடும் ரயிலைக் கட்டுவது புதிய பணி. முன்மாதிரி எதுவும் உள்நாட்டில் இல்லை. குளிர்சாதனம் இல்லாத அந்தப் பெட்டிகளுக்காகச் சுரங்கத்துக்குள் குளிர்வித்த காற்று செலுத்தப்பட்டது. முதல் தலைமுறைப் பெட்டிகள் 2021 அக்டோபர் 24 அன்று, சரியாக முப்பத்தேழு ஆண்டுகள் நிறைந்த நாளில், விடைபெற்றன.

இங்கே கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. கொல்கத்தாவின் பாதை அகலமானது, பெட்டி குறுகலானது. அதன் அகலம் சுமார் 2.7 மீட்டர் மட்டுமே. அதே 1,676 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் மும்பைப் புறநகர் மின்ரயில் பெட்டி 3.66 மீட்டர் அகலம் கொண்டது. ஏறத்தாழ ஒரு மீட்டர் குறைவு. ஆலோசனை கூறிய வல்லுநர்களின் நாட்டில், சோவியத் மெட்ரோ பெட்டிகளும் ஏறக்குறைய இதே 2.7 மீட்டர் அகலத்தில்தான் ஓடின. தோண்டும் மண்ணின் அளவையும் சுரங்கத்தின் செலவையும் குறைக்க வேண்டுமானால் பெட்டியின் உடலைச் சுருக்க வேண்டும். பாதையின் அகலம் அதற்குத் தடையும் இல்லை, துணையும் இல்லை. அகலப் பாதை என்றால் அகலப் பெட்டி என்ற வாதம், நாட்டின் முதல் மெட்ரோவிலேயே பொய்த்துப் போயிற்று.

தில்லியில் அந்த வாதம் மீண்டும் எழுந்தது. 1995இல் ஒன்றிய அரசும் தில்லி அரசும் சம பங்குதாரர்களாக நிறுவிய தில்லி மெட்ரோ ரயில் கழகத்துக்கு 1997இல் இ. ஸ்ரீதரன் தலைமை ஏற்றார். 1970களின் தொடக்கத்தில் கொல்கத்தா மெட்ரோவின் திட்டமிடலிலும் வடிவமைப்பிலும் பணியாற்றியவர். கொங்கண் ரயில்வேயை அகலப் பாதையிலேயே கட்டி முடித்தவர். ரயில்வேயில் வளர்ந்த அவரே மெட்ரோவுக்கு ஸ்டாண்டர்ட் கேஜ் வேண்டும் என்று வாதிட்டார். ரயில்வே அமைச்சகம் மறுத்தது. அமைச்சர்கள் மட்டம் வரை சென்ற அந்தப் பூசலில் ஒன்றிய அரசு ரயில்வேயின் பக்கமே நின்றது. முதல் கட்டத் தடங்கள் மூன்றும் அகலப் பாதையில் அமைந்தன. 3.2 மீட்டர் அகலப் பெட்டிகளை மிட்சுபிஷியும் ரோட்டமும் அடங்கிய கூட்டமைப்பு வழங்கியது. தொடக்கத்தில் கொரியாவிலிருந்து கப்பலேறி வந்தவை, பின்னர் பெங்களூரு பெமல் ஆலையில் கட்டப்பட்டன.

தோற்ற தரப்பு நெடுநாள் தோற்றிருக்கவில்லை. இரண்டாம் கட்டத்தில் பாதை அகலத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்ததும், பழைய தடங்களின் நீட்சிகள் அகலப் பாதையிலும் புதிய தடங்கள் ஸ்டாண்டர்ட் கேஜிலும் அமைந்தன. 2010 ஏப்ரலில் இந்தர்லோக்கிலிருந்து முண்ட்கா வரை திறக்கப்பட்ட பச்சைத் தடமே நாட்டின் முதல் ஸ்டாண்டர்ட் கேஜ் மெட்ரோ. அதன்பின் பெங்களூரு (2011), மும்பை (2014), சென்னை (2015), கொச்சி, ஹைதராபாத் (2017) என்று எல்லா நகரங்களும் அவ்வழியே சென்றன. சட்டமும் உடன் வந்தது. தில்லிக்கென 2002இல் இயற்றப்பட்ட மெட்ரோ இயக்கச் சட்டம், 2009இல் திருத்தப்பட்டுப் பிற நகரங்களுக்கும் விரிந்தது. மெட்ரோ என்பது ரயில்வேயின் கிளை என்ற நிலை மாறி, நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகத்தின் துறையாயிற்று.

நிறுவனத்துக்கும் பாதை அகலத்துக்கும் உள்ள உறவு மிகத் தெளிவாகப் புலப்படுவது மீண்டும் கொல்கத்தாவில்தான். அங்கே 2008இல் நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகமும் மாநில அரசும் சேர்ந்து நிறுவிய கழகம் தொடங்கிய கிழக்கு-மேற்குத் தடம் ஸ்டாண்டர்ட் கேஜில் அமைந்தது. ஹூக்ளி ஆற்றின் அடியில் 2024 மார்ச் முதல் ரயில் ஓடுவது இத்தடத்தில்தான். அதே காலத்தில் ரயில்வே தன் துணை நிறுவனத்தின் வழியே கட்டிய ஜோகா தடமும் விமான நிலையத்தை நோக்கிய ஆரஞ்சுத் தடமும் அகலப் பாதையில் அமைந்தன. நகரம் ஒன்று, மண் ஒன்று, பயணியும் ஒருவரே. மாறியது திட்டக் கோப்பு கிடந்த அலுவலகம் மட்டுமே. கிழக்கு-மேற்குத் தடம் பின்னாளில் ரயில்வேயின் கைக்கே வந்து சேர்ந்தது. ஆனால் அதற்குள் அகலம் முடிவாகிவிட்டது. சென்னையிலும் கதை இதுவே. ரயில்வே கட்டி 1995இல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயில் அகலப் பாதையில் ஓடுகிறது. மெட்ரோ கழகம் கட்டியது ஸ்டாண்டர்ட் கேஜில் ஓடுகிறது. இரண்டையும் ஒரே நிர்வாகத்தில் இணைப்பது எளிது; ஒன்றின் ரயிலை மற்றொன்றின் தடத்தில் ஓட்டுவது இயலாது.

இரு தரப்பும் கூறிய காரணங்களைக் காலம் எப்படி நடத்தியது? நாட்டின் வலைப்பின்னலோடு இணைப்பு என்பது ரயில்வேயின் முதன்மை வாதம். தில்லியின் மூன்று அகலப் பாதைத் தடங்களிலிருந்து எந்தப் பயணி ரயிலும் இன்றுவரை இந்திய ரயில்வேயின் தடத்துக்குச் சென்றதில்லை. ஸ்டாண்டர்ட் கேஜுக்குப் போனால் உள்நாட்டுத் தொழில் நலியும் என்ற அச்சமும் நிறைவேறவில்லை. பெங்களூரு, குஜராத்தின் சாவ்லி, ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி ஆகிய இடங்களில் அப்பெட்டிகள் கட்டப்படுகின்றன. ஸ்ரீசிட்டியில் கட்டிய பெட்டிகள் சிட்னிக்கும் மாண்ட்ரியாலுக்கும் ஏற்றுமதியாயின. மறுபுறம், அகலப் பாதைக்கு நவீனப் பெட்டி கிடைப்பது அரிது என்ற வாதத்தைத் தில்லியின் முதல் மூன்று தடங்களே மறுத்துவிட்டன. ஸ்டாண்டர்ட் கேஜ் என்றால் 2.9 மீட்டர் பெட்டிதான் என்ற எண்ணத்தைத் தில்லி-மீரட் வட்டார விரைவு ரயில் உடைத்தது. 2023இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் 1,435 மில்லிமீட்டர் பாதையில் 3.2 மீட்டர் அகலப் பெட்டிகளைக் கொண்டது. சர்ச்சைக்குரிய அகலப் பாதையில் தில்லி ஓட்டிய பெட்டியின் அகலமும் அதுவே.

பெட்டியின் உடலே உண்மையான அளவுகோல் என்பதற்கு நியூயார்க் பழைய சான்று. அங்கே எல்லாத் தடங்களும் 1,435 மில்லிமீட்டர்தான். ஆனால் 1904இல் தொடங்கிய முதல் நிறுவனத்தின் சுரங்கங்கள் சுமார் 2.7 மீட்டர் பெட்டிக்காகவும், பின்னர் வந்த நிறுவனத்தின் சுரங்கங்கள் சுமார் 3 மீட்டர் பெட்டிக்காகவும் கட்டப்பட்டன. 1940இல் நகர அரசு இரண்டையும் வாங்கி ஒன்றாக்கியது. நிறுவனங்கள் மறைந்தன, சுரங்கங்கள் மறையவில்லை. அகலப் பெட்டி குறுகிய சுரங்கத்தில் நுழையாது. குறுகிய பெட்டி அகல நிலையத்தில் நின்றால் மேடைக்கும் கதவுக்கும் இடையே பள்ளம் விழும். இன்றும் நியூயார்க்கின் பெட்டிகள் இரண்டு பிரிவுகளாகவே வாங்கப்படுகின்றன.

தினசரி இயக்கத்தில் இத்தகைய பிளவின் விலை மெதுவாகவே தெரியவரும். ஒரு தடத்தில் கூட்டம் பெருகும்போது மற்றொன்றில் உபரியாக நிற்கும் ரயிலை அனுப்ப முடியாது. ஒவ்வொரு அளவுக்கும் தனிப் பணிமனை, தனி உதிரிப்பாகங்கள், தனிக் கொள்முதல் வேண்டும். ஒரு தடத்தின் ரயில் நேராக இன்னொரு தடத்துக்குள் திரும்பிச் செல்லும் வாய்ப்பு என்றைக்குமாக மூடிவிடும். அந்த வாய்ப்பு இருந்திருந்தால் இறங்கி ஏற வேண்டியிராத பயணிகள் ஒவ்வொரு நாளும் படிக்கட்டுகளில் நடக்கிறார்கள்.

ஒரே நாட்டுக்கு ஒரே அளவு வேண்டும் என்று 1850இல் டல்ஹௌசி எண்ணியதன் பின்னால் பேரரசின் நலன் இருந்தது. அதைப் போற்ற வேண்டியதில்லை. ஆனால் பாதையின் அகலம் ஒருமுறை முடிவானால் தலைமுறைகளைக் கட்டிப்போடும் என்பதை அவர் சரியாகவே உணர்ந்திருந்தார். அமைச்சகங்களின் எல்லைகள் ஓர் அரசாணையில் மாறிவிடும். கொல்கத்தாவின் கிழக்கு-மேற்குத் தடம் கை மாறியதைப் போல. அந்த எல்லைகளை ஒட்டிப் பதித்த தண்டவாளம் மாறுவதில்லை. எஸ்பிளனேடில் இறங்கி, ஹாவ்ரா செல்ல இன்னொரு தளத்துக்கு விரையும் பயணி கடப்பது அந்த ஒரு சாண் இடைவெளியைத்தான்.