கிரிவலம் சுற்றும் கால்கள் தாய் சி சண்டைப் பயிற்சிக்குத் தயாரா? சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் முடிந்து பனி இறங்கத் தொடங்கினால், ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலைப் பக்கம் வெளிநாட்டினர் நடமாட்டம் கூடிவிடும். யோகா, தியானம் வரிசையில் தாய் சி என்ற சீனப் பயிற்சியும் இந்தப் பகுதியில் பழகிய பெயர்தான். மெதுவாகக் கையைத் தூக்கி, நிதானமாகக் காலை மாற்றி வைப்பதைப் பார்த்தால், "இவ்வளவுதானா, நாமளே பண்ணலாமே" என்று தோன்றும்.

உடற்பயிற்சியாக மட்டும் என்றால் பெரும்பாலானோர் பண்ணலாம். ஆனால் அதே தாய் சியைச் சண்டைக் கலையாகக் கற்கப் போனால் கதை வேறு. எதிரில் ஒருவர் நிற்பார். தள்ளுவார், இழுப்பார், மணிக்கட்டை மடக்கிப் பிடிப்பார். அதற்கு யார் தயார், யார் கொஞ்சம் பொறுக்க வேண்டும்?

மெதுவாக ஆடுவது எப்படிச் சண்டைக் கலை?

இதன் முழுப்பெயர் தைஜிச்சுவான். கடைசியில் வரும் 'சுவான்' என்பதற்குச் சீன மொழியில் முஷ்டி என்று பொருள். (தாய்லாந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'முய் தாய்' வேறு கலை.)

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் உள்ள சென் குடும்பத்தாரின் கிராமம்தான் இதன் தாய்வீடு. 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்டிங் என்ற போர்வீரர் இதற்கு வடிவம் கொடுத்ததாகப் பரவலாகக் கருதப்படுகிறது. அந்தக் கிராமத்தில் கற்றுக்கொண்ட யாங் லூசான் 19-ஆம் நூற்றாண்டில் இதை பெய்ஜிங்கிற்குக் கொண்டுபோனார். அவருடைய பேரன் யாங் செங்ஃபு, குதித்தல், உதறல் போன்றவற்றைக் குறைத்து, ஒரே சீராக மெதுவாகச் செய்யும் முறையைப் பரப்பினார். 1956-இல் சீன அரசு 24 அசைவுகள் கொண்ட எளிய வடிவத்தை வெளியிட்டது. இன்று உலகம் முழுக்கப் பூங்காக்களில் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டின் வாரிசுதான். 2020-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆக, தாய் சி வகுப்பு என்று பலகை வைத்திருந்தாலும் உள்ளே நடப்பது இரண்டில் எது என்று முதலில் கேட்டுவிட வேண்டும். "கை தள்ளும் பயிற்சி உண்டா?" என்ற ஒரு கேள்வி போதும். இருவர் எதிரெதிரே நின்று, முன்கைகளைத் தொட்டபடி ஒருவர் நிலையை மற்றவர் குலைக்கப் பார்ப்பதுதான் அது. அது உண்டு, மூட்டுப் பிடியும் வீழ்த்துதலும் உண்டு என்றால் அது சண்டைப் பயிற்சி வகுப்பு.

14 கி.மீ. நடந்தால் போதாதா?

மாதாமாதம் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்களுக்கு மூச்சும் இதயமும் ஓரளவு பழகியிருக்கும். அது நல்ல முதலீடு. ஆனால் தாய் சி கேட்பது வேறு ஒன்று.

நடக்கும்போது ஒரு காலில் முழு எடையும் நிற்பது ஒரு விநாடிகூட இல்லை. தாய் சியில் முட்டியை மடித்து, உடம்பின் மொத்த எடையையும் ஒரே காலில் பல விநாடிகள் தாங்க வேண்டும். அந்த நிலையிலேயே இடுப்பைத் திருப்பவும் வேண்டும். முட்டி கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும், முறுக்கினால் தாங்காது. திரும்புவது இடுப்பில் நடக்க வேண்டும். அது இறுகிப்போனவர்களுக்கு அந்த முறுக்கு முழுவதும் முட்டியில் இறங்குகிறது. எடை ஏறிய பாதத்தை அப்படியே திருப்புவது, முட்டி உள்பக்கமாகச் சாய்வது ஆகிய இரண்டும்தான் புதியவர்கள் அதிகம் செய்யும் தப்பு. மெதுவான பயிற்சிதானே என்று நம்பிப் போனவர்கள் முட்டி வலியோடு திரும்புவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். சுவருக்குப் பக்கத்தில் நின்று, ஒரு காலைத் தூக்கி 10 விநாடி நிற்க முடிகிறதா? நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? மாடிப்படி இறங்கும்போது முட்டி வலிக்கிறதா? இவை மருத்துவப் பரிசோதனைக்கு ஈடாகாது. ஆனால் இதிலேயே தடுமாறுகிறவர், இன்னொருவர் தள்ளும்போது நிற்க முடியாது. அவர் சில மாதம் தனியாகச் செய்யும் மெதுவான அசைவுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சிலம்பம் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கம்பைச் சுழற்றும் முன் காலடிதான். தாய் சியிலும் முதல் பாடம், முட்டியை லேசாக மடித்து, மரம்போல அசையாமல் நிற்பது. ஐந்து நிமிடத்தில் தொடை நடுங்கும். அலுப்பாகவும் இருக்கும். அந்த அலுப்பைத் தாண்ட முடியாதவர்கள் மேற்கொண்டு போவது அபூர்வம்.

யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

உடற்பயிற்சி தொடங்குவோருக்காக கனடாவில் உருவான ஏழு கேள்விப் பட்டியல் ஒன்று பல நாடுகளில் பயன்படுகிறது. நெஞ்சுவலி, தலைசுற்றல், இதயப் பிரச்னை, ரத்த அழுத்த மாத்திரை, எலும்பு-மூட்டுத் தொல்லை போன்றவற்றை அது கேட்கிறது. ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் முதலில் டாக்டர், பிறகுதான் வகுப்பு.

சண்டைப் பயிற்சிக்குக் கூடுதல் கவனம் தேவை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்குச் சாதாரண இடிகூட உள்ளே ரத்தக்கட்டாகலாம். எலும்புத் தேய்மானம் உள்ளவர், கர்ப்பிணிகள் வீழ்த்தும் பயிற்சிக்குப் போகவே கூடாது. சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும், விழித்திரைக்குச் சிகிச்சை எடுத்தவர்களும் தலை குலுங்கும் பயிற்சிக்கு முன் கண் மருத்துவரைக் கேட்டாக வேண்டும். பி.பி. உள்ளவர்கள் தாழ்ந்த நிலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் அழுத்தம் சட்டென ஏறும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் இரண்டு விஷயம். இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் வெறும் வயிற்றில் பயிற்சிக்குப் போனால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். கிரிவலப் பழக்கத்தில் இங்கேயும் வெறுங்காலோடு நின்றால், மரத்துப்போன பாதத்தில் கல் கிழித்தாலும் தெரியாது. ஷூ போட்டுக்கொள்வது நல்லது.

பி.பி.யும் சர்க்கரையும் தெரியாது என்பவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆய்வுகள் நல்லது என்கின்றனவே?

சொல்கின்றன. 2012-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வில், பார்கின்சன் நோயாளிகள் 195 பேரில் தாய் சி செய்த குழுவினருக்கு உடல் சமநிலை மேம்பட்டது. ஆனால் அது மெதுவான அசைவுகளைப் பற்றியது. அந்த முடிவைத் தூக்கிக்கொண்டு வந்து மூட்டுப் பிடி வகுப்புக்குச் சான்றாகக் காட்டக் கூடாது.

தற்காப்புக்கு உதவுமா என்பதிலும் இதே குழப்பம். 2017-இல் சீனாவின் செங்டு நகரில் வெய் லெய் என்ற தாய் சி ஆசிரியரை, கலப்புத் தற்காப்புக் கலை வீரர் ஷூ சியாவோடோங் அரை நிமிடத்துக்குள் வீழ்த்திய வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. தாய் சியே பொய் என்று பலர் பேசினார்கள். அது அவசரத் தீர்ப்பு. நிஜ அடியை ஒருபோதும் எதிர்கொள்ளாத பயிற்சி, நிஜ அடி வரும்போது கைகொடுக்காது. எந்தக் கலைக்கும் இது பொருந்தும். கை தள்ளும் பயிற்சியேகூடச் சண்டை ஆகாது, சண்டைக்கு முந்தைய படிதான். மூன்று மாதத்தில் தற்காப்பு வேண்டும் என்பவர் வேறு கலையைத் தேடுவது நல்லது.

மனசு தயாரா?

உடம்பைவிட இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அறிமுகமில்லாதவர் கை நம் மீது படும். அது பிடிக்காதவர்கள் முதல் நாளே சொல்லிவிடலாம். பெண்கள் பெண்ணோடுதான் பழகுவேன் என்று கேட்கலாம். 'வேண்டாம்', 'விடுங்கள்' என்றதும் நிறுத்தாத வகுப்பில் இரண்டாவது நாள் இருக்கத் தேவையில்லை.

ஜிம்மில் உடம்பை ஏற்றிய இளைஞர்களுக்கு வேறு சிக்கல். தள்ளினால் திருப்பித் தள்ளுவார்கள். இங்கே தள்ளும் விசையை வாங்கித் திசை மாற்ற வேண்டும். தோற்றுத் தோற்றுத்தான் அது பிடிபடும். 60 வயதுக்காரர் தன்னைச் சாய்த்துவிட்டார் என்று கோபம் வருகிறவர், பலத்தைக் காட்டப் போய் எதிராளியின் மணிக்கட்டை உடைப்பார்.

திருவண்ணாமலைக்கென்று ஒரு கேள்வியும் உண்டு. வெளியூரிலிருந்து வந்து கற்றுத்தருபவர்கள் பங்குனி வெயில் ஏறியதும் கிளம்பிவிடுவார்கள். மெதுவான 24 அசைவுகளை ஒரு பனிக்காலத்தில் ஓரளவு கற்றுவிடலாம். சண்டைப் பயிற்சிக்கு ஆண்டுக்கணக்கில் ஒரே ஆசிரியரின் கண் வேண்டும். பணம் கட்டும் முன், ஏப்ரலில் யார் சொல்லித்தருவார், கூடப் பழக யார் இருப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் அசைவுகளை மட்டும் கற்றுக்கொண்டு, சண்டைப் பாடத்துக்கு உள்ளூரிலேயே இருக்கும் சிலம்பம் ஆசானைப் போய்ப் பார்க்கலாம்.