லூபெக்கின் மொழி

1522 செப்டம்பரில் விட்டன்பர்க்கில் வெளியான, சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு சில மாதங்களிலேயே விற்றுத் தீர்ந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அச்சுக்கூடம் நடத்திய ஆடம் பெட்ரி அதை உடனே மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். ஜெர்மன் நூல்தான், ஆனால் ஜெர்மன் பேசும் அவ்வூர் வாசகர்களுக்கே பல சொற்கள் விளங்கவில்லை. எனவே 1523 பதிப்பில் அருஞ்சொற்பொருள் பட்டியல் ஒன்றைச் சேர்த்தார்.

அந்தப் பட்டியலில் உள்ளவை அன்றாடச் சொற்கள். உதட்டுக்கு லூதர் எழுதியது ‘லிப்பே’; பாசலில் ‘லெஃப்ட்ஸன்’. பானைக்கு அவர் எழுதியது ‘டொப்ஃப்’, பாசலில் ‘ஹாஃபன்’. இன்று ஜெர்மன் எழுத்துமொழியில் மனிதரின் உதடு ‘லிப்பே’தான். தெற்கின் பழைய சொல் நாய் போன்ற விலங்குகளின் உதட்டைக் குறிப்பதாகச் சுருங்கிவிட்டது.

இந்தப் பொது எழுத்துமொழியை லூதரே படைத்தார் என்று சொல்லிவிடுவது எளிது; சரியல்ல. சாக்சனி அரசவை அலுவலகங்களில் புழங்கிய எழுத்து நடையையே தாம் பின்பற்றுவதாக அவரே சொல்லியிருக்கிறார். வடக்குக்கும் தெற்குக்கும் நடுவிலிருந்த அந்த நடை இரு பக்கத்தாருக்கும் ஓரளவு எட்டியது. வேதாகமமும் அச்சும் அதை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தன.

தெற்கு இழந்தது சில சொற்களை. வடக்கு இழந்ததோ ஒரு மொழியையே.

ஆறாம் நூற்றாண்டு வாக்கில் தெற்கில் தொடங்கிய ஒலிமாற்றம் வடக்குச் சமவெளியை எட்டவில்லை. தெற்கே தண்ணீர் ‘வாஸர்’ ஆனது; வடக்கே ‘வாட்டர்’ என்றே நின்றது. அந்த வடக்கு மொழிக்குத் தாழ் ஜெர்மன் என்று பெயர். மட்டமான மொழி என்பதல்ல பொருள். கடலோரத் தாழ்நிலத்தின் மொழி. ஹான்சா வணிக நகரங்களின் கூட்டமைப்பு ஓங்கியிருந்த காலத்தில் லண்டன் முதல் ரஷ்யாவின் நொவ்கொரோட் வரை அதன் வணிகர்கள் கடிதம் எழுதியதும் கணக்கு வைத்ததும் இம்மொழியில்தான். அக்கூட்டமைப்பின் முதன்மை நகரான லூபெக்கின் சட்டமும் இதில்தான். டேனிஷ், ஸ்வீடிஷ் மொழிகள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட சொற்கள் ஏராளம்.

லூதரின் வேதாகமத்துக்கும் தாழ் ஜெர்மன் வடிவம் உண்டு. லூதரின் நண்பர் பூகன்ஹாகனின் மேற்பார்வையில் உருவாகி, லூதரின் முழுப் பதிப்பு வெளிவருவதற்குச் சற்று முன்பே, லூபெக்கில் அச்சாகிவிட்டது. அப்படியிருந்தும் மொழி தாக்குப்பிடிக்கவில்லை. ஹான்சாவின் வணிகம் சரியச் சரிய, நகர அலுவலகங்கள் ஒவ்வொன்றாக, தெற்கத்தி மொழியான உயர் ஜெர்மனுக்கு மாறின. பிரசங்க மேடையும் பள்ளிக்கூடமும் பின்தொடர்ந்தன. அக்காலத்தின் கடைசித் தாழ் ஜெர்மன் வேதாகமம் 1621இல் கோஸ்லார் நகரில் அச்சானது. சட்டமும் வணிகமும் நடத்திய மொழி, வீட்டிலும் வயலிலும் பேசும் பேச்சாக ஒடுங்கியது. பேசுவோர் குறைந்ததால் அல்ல, எழுதுவோர் கைவிட்டதால் வந்த வீழ்ச்சி இது என்பதே என் கணிப்பு.

வடக்கத்திப் பிள்ளைகளுக்கு உயர் ஜெர்மன், ஏட்டைப் பார்த்துக் கற்ற மொழி. அதனால் எழுத்தில் உள்ளபடியே உச்சரித்தார்கள். பரம்பரையாக அதைப் பேசிவந்த தெற்கத்தியரோ தத்தம் வட்டார ஒலியோடு பேசினார்கள். 1898இல் மொழியியலாளர் தியோடர் ஸீப்ஸ் நாடக மேடைக்கான உச்சரிப்பு விதிகளை வகுத்தபோது, அவற்றுக்கு அடிப்படையானது வடக்கத்தியரின் உச்சரிப்பு.