விளிம்பில் இருக்கிறது பெயர்

பிரிட்டிஷாருக்கும் பேராக் மலாய்த் தலைவர்களுக்கும் இடையே பங்கோர் தீவருகே 1874 ஜனவரி 20-இல் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. மறு ஆண்டே, நவம்பர் 2 அன்று, பேராக்கில் பிரிட்டிஷ் ஆலோசகராக (ரெசிடென்ட்) இருந்த பர்ச், பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். பேராக் போர் மூண்டது. அந்தப் போருக்குப் பிரிட்டிஷார் தந்த வெள்ளிப் பதக்கத்தைப் பற்றி பேராக்கின் ஆயர் தாவார் பக்கத்திலேயே பலருக்குத் தெரியாது.

பேராக்குக்கென்று தனிப் பதக்கம் அடிக்கவில்லை. 1854-இல் தொடங்கிய இந்தியப் பொதுச் சேவைப் பதக்கத்தையே கொடுத்தார்கள். முகப்பில் விக்டோரியா மகாராணி. பின்புறம் வீரனுக்கு முடிசூட்டும் வெற்றித் தேவதை. எந்தப் போருக்கும் இதே அச்சுதான். போரின் பெயரைச் சொல்வது ரிப்பனுக்குக் குறுக்கே கிடக்கும் வெள்ளிப் பட்டை. ‘பேராக்’ என்று பொறித்த பட்டை 1875 நவம்பர் 2 முதல் 1876 மார்ச் 20 வரை பணியாற்றியவர்களுக்கு உரியது. இதே பதக்கத்துக்குரிய வேறொரு போருக்கு ஒரு சிப்பாய் போனால் இன்னொரு பதக்கம் கிடையாது. பழைய பட்டைக்கு மேல் புதிய பட்டையை ரிவெட் அடித்து இணைப்பார்கள். கீழிருந்து மேலாகப் படித்தால் ஒருவருடைய பட்டாள வாழ்க்கையே தெரிந்துவிடும். தொங்கவிடும் கொக்கியும் சுழலும். சட்டையிலிருந்து கழற்றாமலே மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது விளிம்பு. 36 மில்லிமீட்டர் வட்டத்தின் அந்த ஒடுங்கிய ஓரத்தில் வீரனின் பெயர், எண், படைப்பிரிவு எல்லாம் இருக்கும். சிலவற்றில் எழுத்தச்சால் குத்தியது, சிலவற்றில் உளியால் சாய்வாகச் செதுக்கியது. ஒருவர் பதக்கத்தை இன்னொருவர் அணிந்து பெருமை கொள்ளாதிருக்க இது காவல். பெயரை அராவிவிட்டு வேறு பெயர் வெட்டினால் ஓரம் தேய்ந்து விட்டம் குறையும். அளவுகோல் வைத்தால் குட்டு வெளிப்படும். தளபதி முதல் கூர்க்கா சிப்பாய் வரை அவரவர் பெயர் உலோகத்தில் நிற்கிறது. படைப் பட்டியல் தொலைந்தாலும் இது சாட்சி சொல்லும்.

பிரிட்டிஷ் தரப்பில் போரிட்டவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது; அவர்களை எதிர்த்து நின்ற மலாய்த் தலைவர் மகாராஜா லேலாவுக்குக் கிடைத்தது தூக்குக் கயிறு, 1877 ஜனவரி 20-இல். இன்று பேராக் வீரராகப் போற்றுவது அவரைத்தான்.

தாத்தா காலத்துப் பட்டாளப் பதக்கம் ஏதாவது உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், பளபளப்புக்காகப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். முதலில் ஓரத்தைப் படித்துப் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.