ஒற்றைப் பிரதி

வெருகல் சித்திரவேலாயுதர் கோயிற் கல்வெட்டு, தென்மதில் கயிலாய வன்னியனாரின் உபயம் என்கிறது. கல் சுமந்தோரின் பெயர் அதில் இல்லை. எழுத்தில் யார் இடம்பெறுவது, அவ்வெழுத்தின் பிரதி யாரிடம் இருப்பது என்பன எக்காலத்தும் ஆட்சியதிகாரத்தோடு பிணைந்த வினாக்களே.

வெருகலுக்கு வடக்கே திருகோணமலையில், போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்து, 1624இல் அதன் கற்களைக்கொண்டே கோட்டை எழுப்பினான். விந்தை என்னவெனில், அங்கிருந்த கல்வெட்டொன்றின் பிரதியை இடித்தவனே போர்த்துக்கல்லுக்கு அனுப்பிவைத்தான். வழிபட்ட மக்களுக்கோ கோட்டை வாயிலில் எஞ்சிய துண்டுக் கல்லே மிச்சம். யாழ்ப்பாணத்தில் அந்நியர் எழுதிய தோம்புகளின் கதையும் இத்தகையதே. எவனிடம் எவ்வளவு நிலம், அதற்கு என்ன வரி என்னும் குடியானவனின் சொந்த விவரம் ஆள்வோனின் பெட்டகத்திற் பத்திரமாக இருந்தது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையும் அத்தோடு அழிந்தது என இன்றும் சிலர் கூறுவர். அது தவறு. 1879இலேயே பிரிட்டோ அதனை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார். தமிழிலும் அது அச்சேறியிருந்தது. ஒரேயொரு பிரதியாக இருந்தவைதாம் மீளவில்லை.

2004 டிசம்பர் 26இல் கடல்கோள் இக்கரையைத் தாக்கியது. 2006இல் மாவிலாற்று மதகு மூடப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட போரில் வெருகற் பிரதேச மக்கள் மட்டக்களப்பை நோக்கி இடம்பெயர்ந்தனர். காணி அனுமதிப்பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் வைத்த தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடமுடிந்தவர் எத்தனை பேர்?

இன்று அத்தகரப் பெட்டியின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. பத்திரங்களின் படங்களும் கடல் கடந்த மகனின் குரலும் அதனுள் இருக்கின்றன. இக்காலக் கருவி தன் உள்ளடக்கத்தை மறைகுறியாக மாற்றி, கடவுச்சொல்லைத் திறவுகோலின் ஒரு கூறாக்கிவிடுகிறது. பிறர் எளிதில் உளவு பார்க்க இயலாது என்பது நன்றே. ஏழைக்கும் அந்தரங்கம் உண்டு. ஆனால் அச்சொல்லை மறந்தால் உரியவனும் அந்நியனே. திருத்தும் கடைக்காரர் பெரும்பாலும் செய்யக்கூடியது, உள்ளிருப்பவை யாவற்றையும் அழித்து வெறுங் கருவியைத் திருப்பித் தருவதுதான்.

இது படியாதோரின் அசட்டை என்று கூறும் கனவான்கள் சற்றுப் பொறுக்க. 2023இல் இலங்கை அரசின் மின்னஞ்சல்களைத் தாங்கிய கணினித் தொகுதியைக் கப்பங்கோரும் தீநிரலொன்று தாக்கிற்று. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள், அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட, தொலைந்தன. அக்காலத்துக்குரிய பிரதி வேறிடத்தில் எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியிருந்தது. அதன் முதன்மையான பிரிவுகள் நடைமுறைக்கு வருவதும் பின்னர் ஒத்திவைக்கப்பட்டது. இடம்பெயர்ந்து திரும்பிய குடியானவனிடம் மூலப்பத்திரம் எங்கே என்று கேட்பதை மட்டும் எந்த அலுவலகமும் ஒத்திவைத்ததில்லை.