காயலான் கடைக்குப் போகும் ரேஸ் சக்கரங்கள்

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்தின் டீம் தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு, எண்டூரன்ஸ் ரேஸ் என்றால் என்ன என்று எங்கள் வகுப்பில் யாருக்கும் விளக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. சந்தோஷம். ஆனால் எல்லாரும் காரைப் பற்றியும் ஓட்டுபவரைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் காரில் மாட்டியிருக்கும் சக்கரம். அதிலும் ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முந்தைய சக்கரம்.

என்ன காரணம் என்றால், எஞ்சினுக்கு நம்பர் உண்டு, சேசிஸுக்கு நம்பர் உண்டு, இரண்டும் எங்காவது ஒரு நோட்டில் பதிவாகியிருக்கும். சக்கரம் அப்படி இல்லை. 24 மணி நேரம் ஓடும் காருக்கு ஒரே இரவில் பல செட் சக்கரங்கள் மாறும். பந்தயம் முடிந்ததும் ஒரு செட் காரோடு போகும், இன்னொன்று ஷெட்டில் கிடக்கும், மற்றொன்று வேறு காருக்குப் போய்விடும். முப்பது வருஷம் கழித்து அது ஒரு காயலான் கடையில் கிலோ கணக்கில் எடை போடப்படும்போது அதற்கு ஊர், பேர் எதுவும் இருக்காது.

நம் ஊரிலும் இது நடக்கக்கூடியதுதான். செங்குன்றம் தாண்டி சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல வருஷம் பந்தயம் நடத்தியது. விஜய் மல்லையா 'என்சைன்' என்ற பழைய ஃபார்முலா ஒன் காரை ஓட்டியதும் அங்கேதான். கோயம்புத்தூர் கரிவரதன் போன்றவர்கள் வளர்ந்ததும் அந்தத் தளத்தில்தான். 1990ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்ததும் கூட்டம் அங்கே நகர்ந்துவிட்டது. சோழவரத்தில் ஓடியவை பெரும்பாலும் குறைந்த தூரப் பந்தயங்கள், லீ மான் போல ராத்திரி பகலாக ஓடியவை அல்ல. ஆனாலும் அந்தக் காலத்து ரேஸ் சாமான்கள் எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். டன்லப், மினிலைட் என்று அதே பெயர்கள்தான் இரண்டு இடத்திலும். அந்தச் சாமான்கள் எதுவும் புதுப்பேட்டைக்கு வந்து சேராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு சக்கரம் கையில் கிடைத்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது? நடு ஓட்டையிலிருந்து.

லீ மான் பந்தயமே ஒரு சக்கரக் கம்பெனியின் பணத்தில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. ரட்ஜ்-விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பிரான்ஸ் பிரதிநிதி எமில் கோகில் 1 லட்சம் பிராங்க் கொடுத்தார், கோப்பைக்கும் அந்தக் கம்பெனி பெயரையே வைத்தார்கள். முதல் பந்தயம் 1923 மே 26, 27 தேதிகளில் நடந்தது. அந்தக் கம்பெனி விற்ற சக்கரத்தில் நான்கு போல்ட் கிடையாது. நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுதான். ஹப்பின் மேல் பல் பல்லாக வரிகள் வெட்டியிருக்கும், சக்கரத்தின் உள்ளேயும் அதே வரிகள் இருக்கும். சொருகி, இரண்டு காது வைத்த நட்டை மாட்டி, சுத்தியலால் நாலு தட்டு. அவ்வளவுதான்.

இதில் அழகான விஷயம் மரை. காரின் இடது பக்க நட்டு சாதாரண மரை, வலது பக்க நட்டு எதிர் மரை. இரண்டுமே சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். "அப்போ ஓடும்போதே கழன்று விழாதா?" என்று கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் தளர்வாக இருக்கும் சக்கரம் தன் எடையால் நட்டின் கூம்பின் மேல் உருளும். உள் வட்டமும் வெளி வட்டமும் ஒரே அளவு இல்லாததால் நட்டு எதிர்த்திசையில் நகர்ந்து இறுகிக்கொண்டே போகும். ஆகவே வெறும் நட்டு மட்டும் கிடைத்தாலும் அது காரின் எந்தப் பக்கத்தது என்று சொல்லிவிடலாம். ஹப் அளவும் உதவும். 42, 52, 62 மில்லிமீட்டர் என்று வரிசையாக உண்டு, கனமான வேகமான காருக்குப் பெரிய அளவு.

இந்த உரிமத்தை வாங்கி மிலானில் செய்தவர் போரானி. பழைய ஃபெராரி படங்களில் பளபளக்கும் கம்பிச் சக்கரம் அவருடையது. அலுமினிய ரிம், அதில் முத்திரையும் எண்ணும் குத்தியிருக்கும். இங்கிலாந்தில் டன்லப். 1951ல் லீ மானில் ஜெயித்த ஜாகுவார் சி-டைப் கம்பிச் சக்கரத்தில் ஓடியது. 1954ல் வந்த டி-டைப்பில் கம்பி இல்லை, ஓட்டைகள் போட்ட அலுமினியத் தட்டுச் சக்கரம். அகலமான டயர், வேகமான திருப்பம், ஸ்போக்ஸ் கம்பி தாங்காமல் தளர்கிறது. பிரேக்கும் டிஸ்க் ஆகிவிட்டது, அதற்குக் காற்று வேண்டும். ஃபோர்டு ஜிடி40யிலும் இதே கதைதான்: 1964ல் போரானி கம்பி, 1966ல் முதல் மூன்று இடங்களையும் பிடித்த மார்க் 2 கார்களில் ஹாலிபிராண்ட் மெக்னீசியம். காரின் பெயர் தெரிந்தால் போதாது, வருஷமும் தெரியவேண்டும்.

இங்கே ஒரு சென்னைச் செய்தி. பாடியில் இருக்கும் வீல்ஸ் இந்தியா, டிவிஎஸ் குழுமமும் டன்லப்பும் சேர்ந்து 1960ல் தொடங்கிய கம்பெனி. பழைய பிரிட்டிஷ் கார்களுக்கான கம்பிச் சக்கரங்களை அங்கே செய்து வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நமக்குப் பெருமைதான். ஆனால் ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் தலைவலி! டன்லப் மாதிரி இருக்கிறது என்பதற்காக அது 1950களில் செய்தது ஆகிவிடாது.

போல்ட் வைத்த சக்கரம் என்றால் ஓட்டைகளின் வட்டத்தை அளக்க வேண்டும். நான்கு ஓட்டை என்றால் சுலபம், எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம். 101.6 மில்லிமீட்டர் (அதாவது 4 அங்குலம்) வந்தால் பழைய மினி. 95.25 என்றால் நம்ம ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 114.3 என்றால் மாருதி 800 ஆகக்கூட இருக்கலாம், ரொம்பக் கனவு காண வேண்டாம் :-) ஐந்து ஓட்டை என்றால் எதிரில் ஓட்டை இருக்காது. பக்கத்து ஓட்டைக்கு உள்ள தூரத்தை 1.701 ஆல் பெருக்குங்கள். 76.4 கிடைத்தால் 130 வரும், போர்ஷே ஆக இருக்க வாய்ப்பு. போர்ஷே எண்களும் பேசும். 911.361 என்று ஆரம்பித்தால் முதல் மூன்று இலக்கம் கார் வகை, அடுத்த மூன்று பாகத்தின் பிரிவு, 361 என்றால் சக்கரம். 917 என்று ஆரம்பித்தால் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளவும். 1970ல் போர்ஷேவுக்கு முதல் லீ மான் வெற்றியைத் தந்த கார் அது. ஆனால் எண் குத்துவதற்கு ஒரு சுத்தியலும் அச்சும் போதும் என்பதையும் மறக்க வேண்டாம். பின்பக்கத்து வார்ப்பின் சொரசொரப்பு, கடைசல் கோடுகள், நட்டு உரசிய தேய்மானம் ஆகியவற்றைப் போலியாகச் செய்வது ரொம்பக் கஷ்டம்.

அடுத்தது உலோகம். எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். மெக்னீசியத்தின் அடர்த்தி 1.74, அலுமினியம் 2.7, இரும்பு 7.85. அதனால்தான் ரேஸ்காரர்கள் அதன் பின்னால் ஓடினார்கள். மினிலைட், ஹாலிபிராண்ட், கம்பாக்னோலோ எல்லாம் மெக்னீசியத்தில் வார்த்தவை உண்டு. கண்ணால் பார்த்தால் அலுமினியம் மாதிரியே இருக்கும். உடைந்த துண்டு கிடைத்தால் எடை போட்டு, அளவு ஜாடித் தண்ணீரில் போட்டு அடர்த்தி கண்டுபிடிக்கலாம், ஒன்பதாம் வகுப்பு சமாச்சாரம்தான். இல்லாவிட்டால் பின்பக்கம் ஒரு மூலையில் பெயிண்டைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர். மெக்னீசியம் உடனே நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். பிறகு நன்றாகக் கழுவித் துடைத்துவிட வேண்டும்.

நெருப்பு வைத்து மட்டும் சோதிக்கவே கூடாது. 1955 லீ மான் விபத்தில் 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூட்டத்துக்குள் பாய்ந்த மெர்சிடிஸின் உடல் மெக்னீசியம் கலந்த எலெக்ட்ரான் உலோகம், தண்ணீர் ஊற்ற ஊற்ற எரிந்தது. எரியும் மெக்னீசியம் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்துவிடும். அலுமினியம் என்று நினைத்துக் காயலான் கடையில் கேஸ் கட்டர் வைப்பவருக்கு இதை யார் சொல்வது? கிரைண்டரில் பறக்கும் தூளும் அப்படித்தான்.

நெருப்புக்கு அடுத்த எதிரி எங்கள் ஊர்க் காற்று. நெம்மேலியில் ஜன்னல் கம்பியே நாலு வருஷத்தில் செதில் செதிலாக உரியும். உப்புக் காற்றில் மெக்னீசியம் வெள்ளை மாவாகப் பொரிந்து, உள்ளே குழி விழும். மேலே பெயிண்ட் நன்றாக இருக்கும், அடியில் விரிசல் ஓடும். ஈசிஆர் ஓரம் யாராவது பழைய ரேஸ் சக்கரத்தைத் தன் வண்டியில் மாட்டி ஓட்டப்போவதாகச் சொன்னால், முதலில் சாயம் ஊடுருவ விட்டு விரிசல் பார்க்கும் சோதனை செய்யச் சொல்லுங்கள். அதில் தேறாவிட்டால் சுவரில் மாட்டட்டும். எத்தனை அரிதான சக்கரமாக இருந்தாலும் சரி.

புதுப்பேட்டையில் சந்தேகத்துக்குரிய சக்கரம் எதையாவது பார்த்தால் முன்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு வராதீர்கள். திருப்பிப் போட்டு, பின்பக்கம், நடு ஓட்டை, ஆரங்களின் உள்பக்கம், ரிம் விளிம்பு எல்லாவற்றையும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். எண் மங்கலாக இருந்தால் சாக்பீஸ் தேய்த்துப் பார்க்கலாம். கடைக்காரரிடம் எந்த ஊரிலிருந்து வந்தது என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அடுத்த லோடு ஏறிய பிறகு அவருக்கே நினைவிருக்காது.