வாய்ப்பும் விடாமுயற்சியும்: மதுரை டி.வி.எஸ். வரலாறு

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் வண்டி ஏறுவோர் நம் மஹல்லாவில் ஏராளம். ஆயினும் மதுரைச் சீமையில் பேருந்துத் தொழிலை வேரூன்றச் செய்தவரின் வரலாற்றை அறிந்தோர் சிலரே. நமக்கு அண்மையிலுள்ள மேல வெளி வீதியில் தலைமையகம் கொண்டு வளர்ந்த டி.வி.எஸ். நிறுவனத்தின் நிறுவனர் டி.வி.சுந்தரம் அய்யங்காரே அவர்.

1877ஆம் ஆண்டில் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்த அவர், தந்தையாரின் விருப்பப்படி முதலில் வழக்கறிஞரானார். பின்னர் ரயில்வேயிலும், அதன்பின் வங்கியிலும் பணியாற்றினார். மாதச் சம்பளம் தவறாது வரும் வேலையை விட்டுவிட்டு 1911இல் சொந்த நிறுவனம் தொடங்கியபோது அவருக்கு வயது 34. மறு ஆண்டே மதுரையில் பேருந்து ஓடத் தொடங்கியது. மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமே மக்களுக்குப் பழகியிருந்த காலம் அது. மோட்டார் வண்டியை நம்பிப் பணத்தைப் போடுவது பலருக்கும் விபரீதமாகவே தோன்றியிருக்கும்.

அக்காலச் சாலைகளில் லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் டயர்களைப் பதம் பார்த்தன. காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓடவிட்டு அவ்வாணிகளை அவர் அப்புறப்படுத்தினார் என்று கூறப்படுகிறது. டி.வி.எஸ். பேருந்து கடந்து செல்வதைக் கண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொள்வோம் என்று பெரியவர்கள் சொல்ல நாமும் கேட்டிருக்கிறோம். ஒரு நாள் நேரம் தவறாமல் வண்டி விடுவது எவர்க்கும் கூடும். மழையிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் அதையே செய்வதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு நேர்ந்தது. வண்டிகளை நிறுத்திவிட்டுக் காத்திருக்காமல், கரியை எரித்து வரும் வாயுவால் வண்டியை ஓட்டும் கருவியை அந்நிறுவனம் தயாரித்தது. தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் ஆலையும் கண்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பட்டறையில் கைகள் பெற்ற பழக்கம் பின்னர் வேறு உருவிலும் வெளிப்பட்டது. 1980இல் அக்குழுமம் ஓசூரிலிருந்து வெளியிட்ட டி.வி.எஸ். 50 வண்டியில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வியாபாரம் செய்தோர் நம்மிலும் உண்டு!

1955இல் அவர் மறைந்தார். 1972இல் பேருந்துகள் நாட்டுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. நாம் மதரஸாவில் ஓதிய நாட்களில் ஏறிச் சென்றவை அந்தப் பாண்டியன் பேருந்துகளே.

இங்கு ஒன்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. உறுதியும் உழைப்பும் மட்டுமே அவரை உயர்த்திவிடவில்லை. ஆங்கிலக் கல்வி, சட்ட அறிவு, வங்கிக் கணக்கின் நுணுக்கம் ஆகியவை தொழிலில் இறங்கும் முன்பே அவர் கையில் இருந்தன. அன்று மிகப் பலருக்கு அவை எட்டாக் கனி. தமக்குக் கிட்டிய வாய்ப்பை அவர் அடுத்த தலைமுறைக்கும் அளித்தார். ஐந்து புதல்வர்களும் தொழிலில் வளர்க்கப்பட்டனர். இளம் வயதிலேயே கணவரை இழந்த மகள் சௌந்தரம், வீட்டுக்குள் முடங்கிவிடாமல் டெல்லி சென்று மருத்துவம் பயின்றார். 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர்களுள் அவர் முதன்மையானவர். பெண்மக்களைப் பெற்றோர் இச்செய்தியைச் சற்று நின்று படிக்க வேண்டுகிறோம்.

நம் மஹல்லா இளைஞர்களை எண்ணிப் பார்க்கிறோம். படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டறைக்குச் செல்லும் பிள்ளை, இருபது வயதில் இஞ்சின் ஓசையைக் கேட்டே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுகிறான். பயிற்சியில் அவனுக்குக் குறைவில்லை, உறுதியிலும் குறைவில்லை. ஆயினும் பத்தாண்டு கழிந்தும் பிறர் பட்டறையில் கூலிக்கே நிற்கிறான். கணக்கு எழுதத் தெரியாது. வங்கிப் படிவத்தை நிரப்பித் தர ஆளில்லை. கடை முன்பணத்துக்கு வழியில்லை. மாலை நேரத்தில் கணக்குப் பதிவு கற்பிக்க நம் பள்ளிவாசல் வளாகத்தில் இடம் உண்டு. ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்களும் ஜமாஅத்தில் உள்ளனர். எதிர்வரும் பொதுக்குழுவில் இதனைப் பேசுபொருளாகச் சேர்க்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.