மலையேற்றியது இறைச்சியா, மாவா?

கெலிஓயா பக்கம் ரக்பி, ஓட்டம், ஜிம் என்று இறங்குகிற நம்ம பொடியன்கள் முதலில் கேட்பது, "எந்த பவுடர் மச்சான் நல்லது?" என்றுதான். கடுமையான பயிற்சி என்றால் புரதம்தான் எரியுது என்ற நம்பிக்கை நமக்குள் ஊறியிருக்கு. அதற்கு 180 வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு.

1842இல் ஜெர்மன் இரசாயனவியலாளர் லீபிக், தசை வேலை செய்யும்போது அதன் புரதமே எரிபொருளாகச் சிதைகிறது என்று எழுதினார். அப்படியானால் உழைப்பவன் இறைச்சி சாப்பிட்டே ஆகணும். 1865இல் அவர் பெயரிலேயே இறைச்சிச் சாறு விற்கும் கம்பனியும் லண்டனில் தொடங்கியது.

அதே வருடம் ஆகஸ்ட் 30இல் சூரிச்சைச் சேர்ந்த ஃபிக், விஸ்லிசேனஸ் என்ற இருவர் ஃபால்ஹோர்ன் மலையில் ஏறினார்கள். ஏறியது 1956 மீற்றர். கெலிஓயா மட்டத்திலிருந்து பிதுருதலாகல உச்சிவரை ஏறுவதாக நினைத்துப் பாருங்கள். முதல்நாள் மதியத்திலிருந்து அவர்கள் புரதமே தொடவில்லை. மாப்பண்டமும் சீனி போட்ட தேநீரும்தான். புரதம் சிதைந்தால் அதன் நைதரசன் சிறுநீரில் வெளியேறும். அதனால் சிறுநீரைச் சேர்த்து அளந்தார்கள். சிதைந்த புரதம் அந்த ஏற்றத்துக்குப் போதவே போதாது. ஏற்றிவிட்டது மாவும் கொழுப்பும்தான்.

அப்போ புரதம் தேவையில்லையா? அங்கதான் கதை திரும்புது. பின்வந்த ஆய்வுகள், நீண்ட ஓட்டத்தில் புரதமும் கொஞ்சம் எரிகிறது என்றும், உடம்பில் மாவுச்சத்து தீர்ந்துவிட்டால் அது கூடுகிறது என்றும் காட்டின. கடும் பயிற்சிக்குப் பிறகு தசையில் உடைப்பும் கட்டலும் இரண்டுமே வேகமெடுக்கும். சாப்பிடாமல் இருந்தால் உடைப்புத்தான் முந்தும். ஆகவே புரதம் முக்கியமாக விறகல்ல, செங்கல். சாதாரண ஆளுக்கு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்றால், கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு 1.4 முதல் 2 கிராம் வரை பரிந்துரைக்கிறார்கள். அதுக்கு மேல் தின்றால் தசையாகச் சேமிக்க உடம்பில் களஞ்சியம் இல்லை. நைதரசன் சிறுநீரில் போகும், மிச்சம் எரியும் அல்லது கொழுப்பாகும்.

இந்தக் கணக்கு ஜிம்மோடு நிற்பதில்லை. தோட்டத்தில் கொழுந்துக் கூடையோடு நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிற நம்ம அம்மாமாரின் உழைப்பை யாரும் பயிற்சி என்று சொல்வதில்லை. ரொட்டியும் சம்பலும் அவர்களை ஏற்றிவிடும், ஃபால்ஹோர்னில் ஏற்றின மாதிரியே. ஆனால் தேய்ந்ததைத் திருப்பிக் கட்ட பருப்பு, கடலை, முட்டை, நெத்தலி வேணும். 2022 நெருக்கடியில் விலை ஏற ஏற பல வீடுகளின் தட்டில் முதலில் குறைந்தது இவைதான். உழைப்பு மட்டும் குறையவில்லை.

பவுடர் வாங்கக் காசு சேர்க்கும் தம்பிமாருக்கு நாங்க சொல்வது இவ்வளவுதான்: ஓடுறதுக்கு வயிறு நிறையச் சோறு, கட்டுறதுக்குப் பருப்பும் முட்டையும். அதை வாங்கும்போது வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து வாங்குங்க.